கூகை காக்கும் வயல்

திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் கூகை என்னும் ஆந்தைக்குச் சாக்குருவி என்று பெயர். இரவில் கூரைக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டு போனால், உள்ளே நோயில் படுத்திருப்பவரை நினைத்துத் திண்ணையில் இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஆந்தை எத்தனை முறை அலறினால் என்ன பலன் என்று எண்ணிச் சொல்லும் பழம்பாட்டுகள் நம்மிடம் உண்டு. பஞ்சபட்சி சாஸ்திரத்தில் வல்லூறு, காகம், கோழி, மயிலோடு ஆந்தைக்கும் இடம் இருக்கிறது. ஒரு பறவையின் குரலுக்கு இவ்வளவு கணக்கு வைத்த நாம், அதன் உடம்பை உற்றுப் பார்க்கத் தவறிவிட்டோம். பார்த்திருந்தால் காவிரிப் பாசனத்து விவசாயி கூகையை விரட்டியிருக்க மாட்டார். வரப்பில் கழி நட்டு, வந்து உட்கார் என்று அழைத்திருப்பார்.

சங்ககாலத்தார் பார்த்திருக்கிறார்கள். நற்றிணையின் 83-ஆம் பாட்டில் தோழி ஒருத்தி, ஊர் வாசலில் நீர்த்துறையை ஒட்டி நிற்கும் முதுமரத்துக் கூகையோடு பேசுகிறாள். தலைவன் வருவான் என்று தூங்காமல் காத்திருக்கும் நேரத்தில் பயமுறுத்தும்படி அலறிவிடாதே என்று கேட்டுக்கொள்கிறாள். கைம்மாறாக இறைச்சியும் நெய்யும் சேர்ந்த சோற்றோடு சுட்ட எலியும் தருவதாக வாக்குக் கொடுக்கிறாள். வளைந்த அலகு, தெளிந்த கண், கூரிய நகம் என்று அங்க அடையாளங்கள்கூட அந்தப் பாட்டில் வந்துவிடுகின்றன. எதைக் கொடுத்தால் கூகை வாயை மூடும் என்பது அந்தக் கவிக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தி நேரத்தில் மின்கம்பியில் உட்கார்ந்து மஞ்சள் கண்ணை உருட்டும் குட்டை ஆந்தையை எல்லாரும் பார்த்திருப்போம். அது புள்ளி ஆந்தை. கூகை அதைவிடப் பெரிது. நீளம் ஓரடிக்குச் சற்று மேல். சிறகை விரித்தால் மூன்றடியை எட்டும், ஆனால் எடை அரைக் கிலோ வராது. வயிறு வெள்ளை, ஆங்காங்கே கரும்புள்ளி. முதுகில் பொன்னும் சாம்பலும் கலந்த நிறம். கால்கள் நீளம். கண் கறுப்பு. முகம் இதய வடிவில் ஒரு வெள்ளைத் தட்டு. அண்டார்ட்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் கூகை வகைகள் வாழ்கின்றன.

கூகை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. இருட்டான ஒரு பொந்து கிடைத்தால் போதும், அங்கேயே முட்டையிடும். பட்டுப்போன பனையின் தலைப்பொந்து, பாழுங்கிணற்றுச் சுவரின் ஓட்டை, ஓடாத அரிசி ஆலையின் பரண், கோயில் கோபுரத்தின் உள்மாடம் எல்லாம் அதற்கு வீடுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் திருச்சி இந்தப் பறவைக்கென்றே அமைந்த ஊர். ஸ்ரீரங்கம் கோயிலில் ஏழு மதில்கள், 21 கோபுரங்கள். தெற்கே 236 அடி உயரத்தில் பதின்மூன்று நிலைகளோடு நிற்கும் ராஜகோபுரம் 1987-ல்தான் முடிந்தது. மற்றவற்றில் பல, நூற்றாண்டுகளைக் கண்டவை. கூப்பிடு தூரத்தில் திருவானைக்காவல், ஆற்றுக்கு அக்கரையில் மலைக்கோட்டை. ஸ்ரீரங்கத் தீவின் ஒருபுறம் காவிரி, மறுபுறம் கொள்ளிடம். கரையெங்கும் வாழைத்தோப்பும் நெல்வயலும். கொள்ளிடம் தாண்டினால் மணச்சநல்லூர் அரிசி ஆலைகள், கிழக்கே லால்குடி வயல்கள். மேலே இருட்டு மாடம், கீழே எலி. கூகைக்கு வேறென்ன வேண்டும்?

நம் பயம் அதன் முகத்தில் தொடங்குகிறது, ஆகவே நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். மாடத்துக்குள் டார்ச் அடித்தால் அசையாத ஒரு வெள்ளை முகம் நம்மையே பார்க்கும். அந்தத் தட்டு முழுவதும் காதின் வேலையைச் செய்கிறது. விளிம்பில் அடர்ந்து நிற்கும் விறைப்பான இறகுகள் சத்தத்தை வாரிக் காதுத் துளைக்குள் அனுப்புகின்றன. காது மந்தமான பெரியவர் உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாரே, அதை இந்த இறகுகள் ராத்திரி முழுக்கச் செய்துகொண்டிருக்கின்றன. காதுத் துளைகள் கண்களுக்குப் பக்கவாட்டில் இறகுக்குள் மறைந்திருக்கும். இடது காது சற்று மேலே இருந்து கீழ்நோக்கித் திறக்கும். வலது காது சற்றுக் கீழே இருந்து மேல்நோக்கித் திறக்கும். இந்தக் கோணல்தான் கூகையின் பெரிய சொத்து.

சத்தம் இடப்பக்கமிருந்து வந்தால் இடக்காதை முதலில் எட்டும். விநாடியை லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேர வித்தியாசத்தைக்கூடக் கூகையின் மூளை பிடித்துவிடும். இதுவரை மனிதக் காதும் செய்கிற வேலைதான். மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்பதில் அது நம்மை வெகுதூரம் மிஞ்சிவிடுகிறது. கீழேயிருந்து எழும் சத்தம் இடக்காதில் உரக்கக் கேட்கும், மேலேயிருந்து வருவது வலக்காதில். நேரத்தில் பக்கம் தெரிகிறது, உரப்பில் உயரம் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தால் எலி இருக்கும் புள்ளி. இருட்டில் அது தவறவிடுவது ஒன்றிரண்டு பாகைக்கு மேல் இல்லை.

இதைச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ரோஜர் பெய்ன். பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை உலகம் கேட்கச் செய்தவரும் இவரே. துளி வெளிச்சம் புகாத அறையில் தரையெங்கும் சருகைப் பரப்பி எலியை விட்டார். சருகு சரசரத்ததும் கூகை பாய்ந்து பிடித்தது. எலியின் வாடையோ உடம்புச் சூடோ காட்டிக்கொடுத்திருக்கலாமே என்ற சந்தேகம் தீர, எலி அளவுக்குக் காகிதத்தைச் சுருட்டி நூலில் கட்டிச் சருகின் மேல் இழுத்தார். அதன் மேலும் கூகை பாய்ந்தது. அவருடைய கட்டுரை 1971-ல் வெளிவந்தது. 1978-ல் ஆய்வாளர்கள் மசகாசு கொனிஷியும் எரிக் நட்சனும் கூகையின் மூளைக்குள் ஒலிகளின் வரைபடமே இருப்பதைக் காட்டினார்கள். அங்குள்ள ஒவ்வொரு நரம்பணுவும் வெளியில் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து வரும் சத்தத்துக்கு மட்டும் துடிக்கிறது. மூளை திசையை எப்படி அறிகிறது என்ற ஆராய்ச்சிக்கு அன்றுமுதல் கூகை ஆசான். அந்தக் காதுக்கு மூப்பும் இல்லை. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதைத் தாண்டிய கூகைக்கும் இளம் கூகைக்கும் கேட்கும் திறனில் வித்தியாசமில்லை என்று தெரிந்தது. மனிதருக்கு உள்காதின் நுண்மயிர் அணுக்கள் போனால் போனதுதான். பறவைகளுக்கு அவை மறுபடி முளைக்கின்றன.

எலியின் சலசலப்பைக் கேட்க வேண்டுமானால் தன் சிறகொலி குறுக்கே வரக் கூடாது. கூகையின் வெளிச்சிறகு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்கான ஏற்பாடு தெரியும். முன்விளிம்பு நெடுக நுண்ணிய பற்கள் வரிசையாக நிற்கின்றன. விரலை ஒரு திசையில் ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த்திசையில் சொரசொரக்கும். சிறகில் மோதும் காற்று இந்தப் பற்களில் சிதறி அடங்குகிறது. பின்விளிம்பு குஞ்சம் குஞ்சமாகப் பிரிந்திருக்கிறது. மேல்பரப்பில் மெல்லிய ரோமப் படலம், சிறகும் சிறகும் உரசும் சத்தம் அதில் அமுங்கிவிடும். கோபுரத்துப் புறா எழும்பினால் படபடவென்று தெருவுக்கே கேட்கும். கூகை நம் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் கடந்து போனாலும் கேட்காது. இரவில் நீர் கட்டப் போன இடத்தில் வெள்ளையாக ஒன்று சத்தமே இல்லாமல் மிதந்து போனால் பேய் என்று தோன்றுவதில் வியப்பில்லை. கூகைக்கும் இந்த மென்மையால் கஷ்டம் உண்டு. அதன் இறகு மழையில் சீக்கிரம் ஊறிவிடும். ஐப்பசி அடைமழையில் இறகும் நனையும், மழை இரைச்சலில் எலியின் சத்தமும் கேட்காது. நாள்கணக்கில் மழை பிடித்துக்கொண்டால் அது பட்டினிதான்.

இரவில் வேட்டையாடும் பறவைக்கு வெள்ளை வயிறு எதற்கு? சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ரூலின் குழுவினர் இதை ஆராய்ந்து 2019-ல் எழுதினார்கள். அங்கே வெள்ளை வயிற்றுக் கூகையும் உண்டு, செம்மை படர்ந்த வயிற்றுக் கூகையும் உண்டு. முழுநிலா இரவுகளில் செம்மை நிறத்தவற்றுக்கு இரை குறைந்தது. வெள்ளை நிறத்தவற்றின் வேட்டையை நிலா பாதிக்கவில்லை. வெள்ளை இறகில் பட்டுத் தெறிக்கும் நிலவொளியைக் கண்டு வயல் எலிகள் ஓடாமல் சில விநாடிகள் உறைந்து நின்றுவிட்டன. கூகைக்கு அந்த விநாடிகள் போதும். நம் கூகையின் வயிறும் வெள்ளைதான்.

கழுத்தைப் பற்றியும் கதைகள் நிறைய. ஆந்தை தலையை முழுச்சுற்றுச் சுற்றும் என்பார்கள். முக்கால் சுற்று திரும்பும், அதாவது 270 பாகை. கண்கள் குழாய் வடிவில் மண்டையோட்டில் பதிந்திருப்பதால் அவற்றை உருட்டிப் பக்கவாட்டில் பார்க்க முடியாது, தலையைத்தான் திருப்ப வேண்டும். அதற்காக 14 கழுத்தெலும்புகள், நமக்கு இருப்பதைப்போல் இரு மடங்கு. கால்விரல்களில் வெளிவிரலைப் பின்னால் திருப்பி, முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக வைத்து எலியைக் கவ்வும். பாயும்போது முகம் எந்தக் கோட்டில் வந்ததோ அதே கோட்டுக்குக் கடைசி நொடியில் கால்களை நீட்டும்.

இனி அந்த அலறல். கூகைக்குக் கூவ வராது. தொண்டையிலிருந்து கிழிபடும் சத்தத்தில் கிறீச்சிடும். ஆண் தன் இடத்தை அறிவிப்பதும் துணையை அழைப்பதும் அந்தச் சத்தத்தில்தான். யாருடைய ஆயுளைப் பற்றியும் அதற்குச் சேதி கிடையாது. குஞ்சுகள் சீறும். மாடத்திலிருந்தும் பரணிலிருந்தும் ‘ஷ்ஷ்’ என்று தொடர்ந்து கேட்டால் பாம்பு என்று பயப்படுவோர் உண்டு. 2017-ல் விசாகப்பட்டினத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் ஒன்றில் நிமிர்ந்து நின்ற கூகைக் குஞ்சுகளின் வீடியோ, வேற்றுக்கிரகவாசிகள் என்ற பேரில் நாடு முழுக்கக் கைபேசிகளில் சுற்றியது. நீண்ட காலும் வெள்ளைப் பஞ்சு உடம்பும் கறுப்புக் கண்ணும் பார்த்துப் பழகாதவர்களை மிரட்டத்தான் செய்யும்.

அந்தக் குஞ்சுகளின் குடும்பக் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெண் கூகை நான்கு முதல் ஏழு முட்டை வரை, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக இடும். முதல் முட்டையிலேயே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகளும் அதே இடைவெளியில் பொரிக்கும். மூத்தது நன்றாக இறகு முளைத்து நிற்கும்போது கடைக்குட்டி பஞ்சுருண்டையாகக் கிடக்கும். தாய் தந்தை இரை தேடிப் போயிருக்கும் நேரத்தில் குஞ்சுகள் தமக்குள் மாறி மாறிக் குரல் கொடுக்கின்றன. யாருக்கு அதிகப் பசியோ அது விடாமல் கூப்பிடும், மற்றவை அடங்கி அடுத்த இரையை அதற்கு விட்டுக்கொடுக்கும். சில வேளை மூத்தது தன் வாயிலிருப்பதைத் தம்பிக்குக் கொடுத்துவிடும். இதையும் ரூலின் பல ஆண்டுகள் பதிவு செய்திருக்கிறார். சாவைச் சொல்லும் பறவை என்று நாம் விரட்டுவது இந்தக் குடும்பத்தைத்தான்.

கோபுரத்தடியிலோ மண்டபத் தூணோரத்திலோ கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள் கிடந்தால் மேலே கூகை குடியிருக்கிறது என்று பொருள். இரையைச் செரித்தபின் எலும்பையும் மயிரையும் சுருட்டி அது வாய்வழியே கக்கியவை இவை. புதிதாக விழுந்ததில் ஈர மினுமினுப்பு இருக்கும். ஒன்றைக் கையுறையோடு எடுத்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து ஊசியால் பிரியுங்கள். மயிருக்குள்ளிருந்து தாடை, விலா, முதுகுமுள் என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் உடையாத மண்டையோடு. முன்பல் ஆரஞ்சு நிறத்தில் உளி போல இருந்தால் எலி. வெள்ளையாகக் கூர்கூராக இருந்தால் மூஞ்சூறு. பருந்தின் வயிற்று அமிலம் எலும்பைப் பெருமளவு கரைத்துவிடும். கூகையின் அமிலம் அவ்வளவு கடுமையாக இல்லாததால், அது தின்றதற்கான சாட்சி அப்படியே நம் கைக்கு வந்துசேர்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு விலங்கியலைக் கற்றுத்தர இதைவிட நல்ல பாடப்பொருள் திருச்சியில் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

காவிரி டெல்டாவின் கூகைகளை நம்மவர்களே இப்படி உருண்டை உருண்டையாகப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்களும், திருச்சி மாவட்டம் புத்தனாம்பட்டி நேரு நினைவுக் கல்லூரியில் பேராசிரியர் நீலநாராயணனும் இதில் முன்னோடிகள். கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி, வெள்ளெலி, மூஞ்சூறு என்று பட்டியல் நீள்கிறது. நெல்லை அழிக்கும் எலிகளின் வரிசையும் கிட்டத்தட்ட இதேதான்.

கரம்பை எலியின் வேலையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சம்பாவில் கதிர் பொதிக்குள் இருக்கும் நேரத்தில் தூரை அறுத்துப் போடும். கதிர் முற்றியதும் வளைக்குள் இழுத்துப் போய்ப் பதுக்கும். மூன்று வாரத்துக்குச் சற்று மேல் சினை, ஒரே ஈட்டில் ஆறேழு குஞ்சு. முன்பெல்லாம் மூங்கிலை வளைத்து நாணேற்றிய கிட்டிகளைப் பொழுது சாய்ந்ததும் வயலில் வைத்து, விடியலில் எலிகளை எண்ணிக் கூலி வாங்கிப் போவார்கள். தஞ்சாவூர்க் கிட்டி என்றே அதற்குப் பெயர். கிட்டி வைக்கும் ஆட்கள் குறையக் குறைய அந்த இடத்துக்கு எலி மருந்து வந்தது.

மருந்தில்தான் விவகாரம். புரோமடியோலோன் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது கூகைக்கு மிகச் சுலபம். நஞ்சு அதன் ஈரலில் சேர்கிறது. சாரைப்பாம்புக்கும் இதே கதி. எலிகள் மூன்று மாதத்தில் மறுபடி பெருகிவிடும், கூகைகளால் அந்த வேகத்தில் பெருக முடியாது. மருந்தின் துணையோடு எலியை வெல்லலாம் என்று நினைத்து அதன் எதிரியை ஒழித்துக்கொண்டிருக்கிறோம்.

வீடுகளும் போகின்றன. பொந்துள்ள பனைகள் செங்கல் சூளைக்குப் போய்விட்டன. பாழுங்கிணறுகள் தூர்ந்துவிட்டன. புறா எச்சம் விழுகிறதென்று பல கோயில்களில் கோபுர மாடங்களை வலையால் அடைக்கிறார்கள். சுதைச் சிற்பங்களைக் காக்க வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் எல்லா மாடங்களையும் ஒருசேர அடைக்க வேண்டியதில்லை. மனிதர் ஏறாத மேல்நிலையில், சிற்பம் இல்லாத பின்பக்கத்து மாடம் ஒன்றைத் திறந்து விட்டால் ஒரு குடும்பம் பிழைக்கும். மாடத்திலிருந்து பகலில் விரட்டப்பட்ட கூகையைக் காக்கைகள் சூழ்ந்து கொத்தும். திருக்குறளில் காலமறிதல் அதிகாரம் தொடங்குவதே இந்தக் காட்சியில்தான். சோ. தர்மன் 2005-ல் எழுதிய ‘கூகை’ நாவல், யாரும் விரட்டலாம் என்ற நிலையில் வாழும் இந்தப் பறவையை ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வோடு சேர்த்துப் பேசியது. வடக்கே ஆந்தை லட்சுமியின் வாகனம். அங்கேயே தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கிறார்கள். 2010-ல் வனஉயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பு வெளியிட்ட அறிக்கை, நாட்டில் அறியப்பட்ட 30 ஆந்தை இனங்களில் 15 இப்படி வியாபாரமாவதைச் சொன்னது.

மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்களுக்குக் கூகை வேறு விதமாக அறிமுகம். 1960-களின் இறுதிவரை அங்கே அரிதாக இருந்த பறவை, தோட்டத்து எலிகளைத் தேடிப் பரவியது. தோட்ட நிர்வாகங்கள் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து அதைக் குடியேற்றின. இஸ்ரேலில் 1983-ல் ஒரு கூட்டுப்பண்ணையில் பறவையியலாளர் யோசி லெஷெம் தொடங்கிய பெட்டித் திட்டத்தில் 2002-ல் ஜோர்டானும் சேர்ந்தது. எல்லைப் பகையைத் தாண்டி இரண்டு நாட்டு விவசாயிகள் ஒரே பறவைக்குப் பெட்டி வைக்கிறார்கள். நெல்லும் எலியும் கோபுரமும் ஒருங்கே உள்ள திருச்சியில் இதைச் செய்வது இன்னும் எளிது.

இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரத்தில் பலகைப்பெட்டி. நுழைவாயில் அரையடிச் சதுரம். வாயிலின் அடிவிளிம்பு பெட்டியின் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு நடந்து வந்து வெளியே விழுந்துவிடும். பன்னிரண்டு அடிக்கு மேல், தெருவிளக்கு படாத பக்கமாக, நான்குவழிச் சாலையை விட்டு விலகி வைக்க வேண்டும். தாழப் பறக்கும் கூகை லாரி வெளிச்சத்தில் கண்கூசி அடிபடும். வயலில் ஆளுயரத்துக்கு மேல் ‘டி’ வடிவக் கழிகளும் நடலாம், கூகை அதில் உட்கார்ந்து கீழே காது கொடுக்கும். பெட்டி வைத்த வாரத்திலேயே குடிவராது, ஒரு வருடம்கூட ஆகலாம். அந்த வயலில் எலி மருந்தை நிறுத்திவிட்டுப் பெட்டி வைப்பதுதான் நியாயம்.

மாடத்திலிருந்து குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் பாலோ சோறோ ஊட்ட வேண்டாம். துணியால் மெல்ல மூடி எடுத்து, அது விழுந்த மாடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். தரையில் கிடக்கும் குஞ்சுக்குத் தாய் இரை கொண்டுவந்து கொடுக்காது. மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய், கூகைக்கு மோப்பம் மிகக் குறைவு. அடிபட்டிருந்தால் அட்டைப்பெட்டியில் காற்றோட்டம் விட்டு மூடி, இருட்டில் வைத்து, வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கூகையை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம்.